பி அட்டவணையின் கடைசி வரி

பாகப்பிரிவினைப் பிராதில் சொத்து விவரம் இரண்டு அட்டவணையாக வரும். ‘ஏ’ அட்டவணையில் நிலம், வீடு. ‘பி’ அட்டவணையில் அண்டா, குத்துவிளக்கு, பீரோ, கட்டில். காஞ்சிபுரம் சார்பு நீதிமன்றத்தில் நான் பிரதிவாதிக்காக ஆஜரான ஒரு வழக்கில் ‘பி’ அட்டவணையின் கடைசி வரி இது: “பழைய படங்கள், சட்டம் போட்டதும் போடாததும், சுமார் நாற்பது. மதிப்பு ரூபாய் 2,000.”

அந்தப் படங்கள் இருந்த வீடு மாகறலில். காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை வழியாக உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றை ஒட்டிய ஊர். சம்பந்தர் பாடிய திருமாகறலீசர் கோயில் அங்கேதான் இருக்கிறது. ஓவியரின் பெயரைச் சொல்லப்போவதில்லை; குடும்பத்தார் இன்னும் அந்தத் தெருவில் புழங்குகிறார்கள். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் படித்தார். 1966இல் பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் மனை வாங்கிய கூட்டம் அது. தெரிந்தவர்கள் பலர் அங்கே போனபோது, இவர் அப்பா படுத்த படுக்கையானதால் ஊருக்குத் திரும்பிவிட்டார். பட்டுப் புடவைக்கு டிசைன் எழுதிக் குடும்பத்தை நடத்தினார். மிச்ச நேரத்தில் படம் வரைந்தார்.

சென்னை நண்பர்கள் சனி, ஞாயிறுகளில் பஸ் பிடித்து வந்து அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வரைவார்களாம். கோடை விடுமுறையில் மாணவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். ஈரம் காயாத படங்களைப் பஸ்ஸில் எடுத்துப்போக முடியாது என்று அங்கேயே விட்டுவிட்டுப் போனவர்கள் பலர். அப்படிச் சேர்ந்தவை அவருடைய படங்களோடு சுவரில் சாய்ந்து நின்றன.

வீடு அவருடைய அப்பா பேரில் இருந்தது. இரண்டு பிள்ளைகள், மூத்தவரும் காலமாகி, அவருக்கு இரண்டு மகன்கள். ஓவியருக்கு ஒரே மகள், பள்ளி ஆசிரியை. மனைவி முன்பே போய்விட்டார். ஆக, பெரியப்பா பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துப் பாதி, என் கட்சிக்காரரான மகளுக்குப் பாதி. பெரியப்பா பிள்ளைகள் கேட்டது அநியாயம் இல்லை. நாற்பது வருஷம் சித்தப்பா குடியிருந்த வீட்டில் ஒரு ரூபாய் வாடகை கேட்காதவர்கள். இருவருக்கும் கடன் இருந்தது. சாலைப் பக்க மனைக்கு நல்ல விலை வந்திருந்தது.

இந்த நிலையில்தான் ஓவியரின் நண்பர்களில் மிஞ்சியிருந்தவர்களும் மாணவர்களும் மகளிடம் வந்து, அந்த வீட்டிலேயே ஒரு கண்காட்சி வைக்கலாம் என்றார்கள். அவர் படங்கள் மட்டுமில்லை, அந்தக் கூடத்தில் உட்கார்ந்து வரைந்த எல்லோருடைய படங்களும். வேறு வேறு வீடுகளில் கிடப்பவற்றையும் கொண்டுவந்து, வரையப்பட்ட இடத்திலேயே மாட்டுவது. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. பத்து நாள் கண்காட்சி. பெரியப்பா பிள்ளைகள் உடனே இடைக்கால மனு போட்டார்கள்: பொது வீட்டில் வெளியாட்களைக் கூட்டக் கூடாது, உறுத்துக்கட்டளை வேண்டும் என்று.

“சென்னையில் ஒரு ஹாலைப் பிடித்து வைத்துக்கொண்டால் என்னம்மா?” என்று நான் கேட்டேன். வழக்கு சிக்கலாகாமல் இருக்க எந்த வக்கீலும் கேட்கும் கேள்விதான்.

“படத்தை எங்க வேணா மாட்டலாம் சார். அந்தச் சுவரை எப்படி சார் எடுத்துட்டுப் போறது?” என்றார்.

போய்ப் பார்த்தேன். பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, அதைத் தாண்டி முற்றத்தை ஒட்டிய கூடம். அப்பா நெய்த குழித்தறியின் பள்ளத்தை மூடித் தளம் போட்ட அடையாளம் தரையில் தெரிந்தது. அதற்கு மேலே சுண்ணாம்புச் சுவர் முழுக்க ஓர் உடும்பு. மாகறல் தலபுராணத்தில் வரும் பொன்னிற உடும்பு. அரசன் துரத்தப் புற்றுக்குள் புகுந்து, சிவலிங்கமாக வெளிப்பட்டது. இவர் அதைப் புடவை டிசைன் எழுதுவதுபோல் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார். டிசைன் தாளில் ஒவ்வொரு கட்டமும் பாவும் ஊடும் சந்திக்கும் ஓர் இடம்; வண்ணம் அடித்த கட்டத்தில் பாவு இழை எழும்பும், அடிக்காததில் எழும்பாது. ஒரு வரிசைக் கட்டங்களைப் பார்த்து ஜக்கார்டுக்கு ஓர் அட்டை குத்துவார்கள். அதனால் அந்தத் தாளில் வளைவு என்பதே படிக்கட்டாகத்தான் வரும். உடும்பின் முதுகும் வாலும் அப்படிப் படி இறங்கிப் போயின. கிட்டே நின்றால் காவியும் மஞ்சளுமான சதுரங்கள்தான். முற்றத்துப் பக்கம் நகர்ந்து பார்த்தால் அது ஊர்ந்தது. இதை ஒரு தடவையாவது ஊர் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவுசெய்தேன்.

உறுத்துக்கட்டளை மனுவில் சட்டம் எங்கள் பக்கம். ஒரு பங்குதாரர் இன்னொரு பங்குதாரருக்கு எதிராக உறுத்துக்கட்டளை வாங்குவது கடினம்; பொதுச் சொத்தின் ஒவ்வோர் அங்குலத்திலும் எல்லோருக்கும் சுவாதீனம் உண்டு. வெளியேற்றினாலோ சொத்தைச் சேதப்படுத்தினாலோதான் நீதிமன்றம் தலையிடும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் விவரமானவர். அவர் கவலை வேறு: பத்திரிகையில் ‘ஓவியரின் இல்லம்’ என்று செய்தி வரும், நாளைக்கு அந்த வீடு முழுக்க ஓவியரின் தனி அனுபவம் என்று அதையே சான்றாக மார்க் பண்ணுவார்கள் என்றார். நியாயமான பயம். நீதிபதி என்னைப் பார்த்து, “அப்படி எதையும் கொண்டுவர மாட்டீங்கதானே?” என்றார். கண்காட்சியையோ அதைப் பற்றிய செய்தியையோ தனிச் சுவாதீனத்துக்கு ஆதாரமாகக் காட்ட மாட்டோம் என்று மகளின் பிரமாண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்தோம். மனு முடிந்தது. ஆனால் நீதிபதி கூடவே ஒன்று செய்தார்: கண்காட்சி தொடங்கும் முன் அசையும் பொருட்களைப் பட்டியலிட ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்தார்.

வந்தவர் இளம் வழக்கறிஞர். கையில் அட்டை, தாள். முதல் பக்கத்தில் “படம் 1, கண்ணாடி உடைந்தது. படம் 2, கண்ணாடி இல்லை” என்று எழுத ஆரம்பித்தார். ஆணை கேட்டது அவ்வளவுதான். நான் அங்கேயே ஒரு மெமோ எழுதிக் கொடுத்தேன்: ஒவ்வொரு படத்துக்கும் நீளம், அகலம், துணியா தாளா, என்ன வண்ணம், கையெழுத்து எங்கே, பின்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். அவர் சலித்துக்கொள்ளவில்லை. கூடத்துத் தரையில் பாய் விரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படுக்கவைத்து, இருட்டும்வரை எழுதினார். சுமார் நாற்பது என்றிருந்தது எண்பதைத் தாண்டியது.

வழக்கே அந்தப் பின்புறங்களில்தான் இருந்தது. ஏழெட்டுக் கைகளின் கையெழுத்துகள். ஒரு படத்தின் சட்டத்தில் பென்சிலில்: “காயவில்லை. அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன்.” கீழே இனிஷியல், 1971. இன்னொன்றில் ஓவியரின் பெயரைப் போட்டு “உனக்கு” என்று மட்டும். முதலாவது ஒப்படைத்தது, இரண்டாவது கொடுத்தது. அசையும் பொருளைக் கையில் கொடுத்தாலே தானம் செல்லும், பத்திரம் வேண்டாம். ஆனால் ‘எடுத்துக்கொள்கிறேன்’ என்று விட்டுப்போனது ஒப்பந்தச் சட்டம் 148ஆம் பிரிவு சொல்லும் ஒப்படைப்பு. வைத்திருப்பவர் காவலர்தான், உடையவர் இல்லை. ஐம்பது வருஷம் ஆனபின் யார் கேட்க முடியும் என்று எதிர்த்தரப்பு வாதித்தது. காலவரையறைச் சட்டத்தின் 70ஆம் உறுப்பில் கெடு மூன்று வருஷம். அது தொடங்குவது பொருளை விட்டுப்போன நாளிலிருந்து இல்லை, கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து. யாரும் கேட்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. கெடு ஓடத் தொடங்கவே இல்லை.

கண்காட்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்தவர்களைவிட காஞ்சிபுரத்து நெசவாளர்கள்தான் அதிகம் நின்று பார்த்தார்கள். குறிப்பாக மேசையில் விரித்திருந்த டிசைன் தாள்களை. எந்தக் கொடி எந்த வருஷம் எந்தப் புடவைக் கரையில் ஓடியது என்று அவர்களுக்குள் பேச்சு. படங்களுக்கும் விலை கேட்டு ஆள் வந்தது. அந்தச் செய்தி எதிர்த்தரப்புக்குப் போனதும் பிராதைத் திருத்த மனு வந்தது: ‘பி’ அட்டவணைப் படங்களின் மதிப்பை உயர்த்த வேண்டும், அவற்றிலும் டிசைன் தாள்களிலும் பாதி வேண்டும்.

இதில் நான் நீண்ட வாதம் செய்யவில்லை. மற்றவர்கள் ஒப்படைத்த படங்கள் இரு தரப்புக்கும் சொந்தமில்லை. ஓவியர் தன் கையால் வரைந்தவை அவருடைய தனிச் சொத்து. இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவின்படி மகளுக்கு மட்டுமே இறங்கும். அண்ணன் பிள்ளைகளுக்கு அதில் பங்கே இல்லை. டிசைன் தாள்கள் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பதிப்புரிமைச் சட்டம் 15ஆம் பிரிவு, வடிவமைப்பாகப் பதிவுசெய்ய முடிந்தும் செய்யாத ஒன்றைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்கு மேல் பொருளில் ஏற்றிவிட்டால் அதன் பதிப்புரிமை போய்விடும் என்கிறது. 2009இல் மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் துணி டிசைன்களுக்கு இதைத்தான் பொருத்தியது. கைத்தறி அந்தத் ‘தொழில்முறை’க்குள் வருமா என்பது தனி விவாதம், அதற்குள் போக வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தறி ஏறி ஊரெல்லாம் ஓடிய டிசைன்களில் பெரிய பணம் இல்லை என்று தெரிந்ததும் அந்தக் கோரிக்கை தானாக விழுந்தது.

மிஞ்சியது சுவர்.

சுவர் மண்ணோடு ஒட்டியது, ஆகவே அசையாச் சொத்து. அதில் பாதி பெரியப்பா பிள்ளைகளுடையது. ஓவியத்தின் பதிப்புரிமை மகளுடையது. ஓவியர் காலமான பின் 60 வருஷம் அது நீடிக்கும். ஆனால் பதிப்புரிமை சுவரைத் தாங்கிப் பிடிக்காது. என்னிடம் இருந்த ஆயுதம் 57ஆம் பிரிவு, படைப்பாளியின் தார்மிக உரிமை. படைப்பைச் சிதைத்து அவர் பெயருக்குக் களங்கம் உண்டாக்குவதை வாரிசும் தடுக்கலாம். இதில் பெரிய தீர்ப்பு அமர்நாத் சேகல் வழக்கு. டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். அவர் 1992இல் வழக்குப் போட்டார். 2005இல் நீதிபதி பிரதீப் நந்த்ரஜோக், எஞ்சியதை அவரிடம் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் சொன்னார். ஜங்புராவில் சேகல் வாழ்ந்த வீடு இப்போது அவருடைய படைப்புகளின் காட்சியகம்.

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு போராடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் 2019இல் அதே உயர் நீதிமன்றத்தில் ராஜ் ரேவால் வழக்கு எதிர்த்திசையில் போனது. பிரகதி மைதானத்தில் அவர் வடிவமைத்து 1972இல் எழுந்த ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடத்தை 2017இல் இடித்துவிட்டார்கள். நிலத்தின் உடைமையாளர் தன் கட்டடத்தை முழுக்க இடிப்பதை 57ஆம் பிரிவு தடுக்காது என்றது தீர்ப்பு. சிதைத்து வைத்திருந்தால் குற்றம், அடியோடு இடித்தால் குற்றமில்லை என்ற இடத்தில் அது கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்த வேறுபாட்டை நான் இன்றும் ஏற்கவில்லை. கட்டடத்தைப் பொறுத்தவரை அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். சுவரில் வரைந்த ஓவியத்துக்கு அது பொருந்தாது என்றுதான் வாதாடியிருப்பேன். ஆனால் 62ஆம் பிரிவுப்படி அந்த வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகப் போட வேண்டும். அங்கே தோற்றால் மேல்முறையீடு முடிவதற்குள் சுவர் இருக்காது. அதே 57ஆம் பிரிவின் விளக்கம் வேறு, படைப்பைக் காட்சிக்கு வைக்காதது உரிமை மீறல் ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

பாகப்பிரிவினையிலும் ஒரு கண்ணி இருந்தது. 1893ஆம் வருஷத்துப் பங்கீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவில், சொத்தை நியாயமாகப் பிரிக்க முடியாது என்றால் பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர்கள் கேட்டு ஏலத்துக்கு விடலாம். அவர்களிடம் சரியாகப் பாதி இருந்தது. கேட்டால், 3ஆம் பிரிவுப்படி மற்றவர் மதிப்பீட்டு விலைக்கு அவர்கள் பங்கை வாங்கிக்கொள்ளலாம். ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கு அந்த விலை எட்டாது.

அந்த நாட்களில் என் மேசையில் இருந்தது கலை பற்றிய சட்டப் புத்தகம் இல்லை. நில அளவை வரைபடம்தான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுதியானது. ஓவியர் வாழ்ந்த வீட்டைக் காப்பாற்றுவது பதிப்புரிமை இல்லை, பத்திரம். கொழும்பில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. லயனல் வெண்ட், ஜார்ஜ் கீட், ஹாரி பீரிஸ், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல முதலானோர் 1943இல் சேர்ந்த ஓவியர் குழுவை ‘43 குரூப்’ என்பார்கள். வெண்ட் அடுத்த வருஷமே இறந்துபோனார். அவர் வாழ்ந்த இடத்தில் 1953இல் அவர் பெயரில் நாடக அரங்கம் எழுந்தது; பின்னால் காட்சிக்கூடமும் வந்தது. பெயர் நின்றது, வீடு போய்விட்டது. ஹாரி பீரிஸ் உயிரோடு இருக்கும்போதே, 1974இல், சபுமல் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். பார்ன்ஸ் பிளேஸில் அவர் குடியிருந்த ஓட்டு வீட்டுச் சுவர்களில் தோழர்கள் எல்லோருடைய படங்களும் இன்றும் தொங்குகின்றன. மாகறல்காரரும் ஒரு மதியம் ஒதுக்கிச் சார் பதிவாளர் அலுவலகம் போயிருந்தால் மகளுக்கு இந்த அலைச்சல் இல்லை. அந்தத் தலைமுறை ஓவியர்கள் எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

வரைபடத்தில் எனக்கு வழி தெரிந்தது. மனை நீளமானது. முகப்பு கோயில் பக்கத்துச் சின்னத் தெருவில். பின்பக்கம் தார்ச்சாலையைத் தொடுகிறது. வாங்க வந்தவருக்கு வேண்டியது சாலைப் பக்கம்தான். முன்கட்டும் கூடமும் அவருக்கு இடிக்க வேண்டிய செலவு. எதிர்த்தரப்பு வக்கீலை பார் அசோசியேஷனில் உட்காரவைத்துப் பேசினேன். திண்ணையிலிருந்து கூடத்துச் சுவர் வரை மகளுக்கு; முற்றத்திலிருந்து சாலை வரை அவர்களுக்கு. பரப்பிலும் மதிப்பிலும் மகள் விட்டுக்கொடுத்தது மிக அதிகம். சமன் தொகையும் கேட்கவில்லை. பாதிப் பங்கு உள்ளவர் கிட்டத்தட்ட கால் பங்கோடு எழுந்திருக்கிறார் என்று அவரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை எடுத்துச் சொன்னேன். அது என் கடமை. “தெரியும் சார், எழுதுங்க” என்றார்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானது. 1987ஆம் வருஷத்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நானே எழுதினேன். ஒப்படைக்கப்பட்ட படங்கள் மகளின் காவலில் இருக்கும், உரியவர்களோ வாரிசுகளோ கேட்டால் ஆணையரின் பட்டியலோடு ஒப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஒன்று. 1971 என்று எழுதிய படத்தை அவருடைய மகன் வந்து வாங்கிப்போனார். கண்காட்சி மலரில் அதை அச்சிட எழுத்துமூலம் அனுமதியும் கொடுத்தார். படம் கையில் இருந்தாலும் அச்சடிக்க அனுமதி வேண்டும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

நான் அதிக நேரம் செலவிட்டது ஏழாவது நிபந்தனைக்கு. பின்கட்டை இடிக்கும்போது கூடத்துச் சுவரிலிருந்து ஆறடிக்குள் ஜேசிபி வரக் கூடாது, ஆள் வைத்துக் கடப்பாறையால் மட்டுமே பிரிக்க வேண்டும். இடிக்கும் முன் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஓவியத்துக்குச் சேதம் வந்தால் சீர்செய்யும் செலவு இடிப்பவர்களுடையது. அடுத்த கோடையில் இடித்தார்கள். உத்தரத்தைச் சுவரிலிருந்து உருவியபோது மேல் மூலையில் ஒரு விரிசல் விழுந்து, உடும்பின் வாலுக்கு ஒரு சாண் மேலே நின்றது. பெரியப்பா பிள்ளைகளில் இளையவர் அன்றைக்கே எனக்குப் போன் செய்து சொன்னார். பழைய சுண்ணாம்புப் பூச்சு வேலை தெரிந்த ஆளைக் கூட்டிவந்து, சிமெண்ட் தொடாமல் அதை அடைத்தார்கள். கூலியையும் சுண்ணாம்பு, மணல் காசையும் ஏழாவது நிபந்தனைப்படி அவரே கொடுத்தார்.